யோர்க் நாலாம் தொகுதியின் பிரெஞ்சுக்காரர்

தேர்தல் வந்தால் ஸ்காபரோவில் ஏதாவது ஒரு வீட்டு பேஸ்மென்ற்றில் கூட்டம் இருக்கும். மடக்குக் கதிரைகள், பற்றிஸ், கடலை வடை, பெரிய கானில் தேத்தண்ணி. வேட்பாளர் வந்து பதினைந்து நிமிடம் பேசி, இரண்டு படம் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். உண்மையான கூட்டம் அதற்குப் பிறகுதான் தொடங்கும். அப்படி ஒரு கூட்டத்தில், ஊரில் ஆசிரியராக இருந்த ஒரு ஐயா கேட்டார்: “எங்கட ஆள் ஒருத்தர் உள்ளுக்கை இல்லாட்டி எங்களுக்காக ஆர் கதைக்கிறது?” எல்லோரும் தலையாட்டினார்கள். மறுத்துப் பேச அங்கே யாருக்கும் எதுவும் இருக்கவில்லை. பேச்சு வீட்டு விலைக்கும் வாகனக் காப்புறுதிக்கும் போய்விட்டது.

அந்தக் கேள்வி பிழை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அது என்னை விடவில்லை. மார்க்கத்துக்கு வடக்கே, கோடையில் நம்மவர்கள் அப்பிள் பிடுங்கவும் ஏரிக்கரைக்குமாக ஓடித்திரியும் அதே யோர்க் பகுதியில், இந்தக் கேள்விக்கு நேரெதிரான பதிலை ஒருமுறை விவசாயிகள் சொல்லியிருக்கிறார்கள். 1841இல், தங்களோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத, வேறு மொழி, வேறு சமயம், பல நூறு கிலோமீற்றர் தள்ளியிருந்த ஒருவரைத் தங்கள் உறுப்பினராக அனுப்பினார்கள். அவர் பெயர் லூயி-இப்போலித் லஃபொன்தேன். குடியுரிமைப் பரீட்சைக்குப் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் ஞாபகம் இருக்கும், பொறுப்பாட்சியின், அதாவது ஆளுநருக்கு அல்லாமல் சட்டமன்றத்துக்குப் பொறுப்பான ஆட்சியின், முதல் தலைவர் என்று ஒரு வரியாக. அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு தடியடியும் எவ்வளவு கணக்கும் இருந்தன என்று அந்தப் புத்தகம் சொல்லாது.

தெர்போனில் தடிகள்

1837 கிளர்ச்சிகளுக்குப் பிறகு காரணம் ஆராய லண்டன் அனுப்பிய டறம் பிரபுவின் அறிக்கையை விரித்துச் சொல்லத் தேவையில்லை. பிரெஞ்சுக் கனடியர்களை வரலாறும் இலக்கியமும் இல்லாத மக்கள் என்று எழுதி, ஆங்கிலேயருக்குள் கரைத்துவிடுவதே அவர்களுக்கு நல்லது என்றவர் அவர். அதன்படி 1841 பெப்ரவரியில் மேல்க் கனடாவையும் (இன்றைய ஒன்ராறியோ) கீழ்க் கனடாவையும் (இன்றைய கியூபெக்) ஒன்றாக்கினார்கள். கீழ்க் கனடாவில் சுமார் 6.5 இலட்சம் பேர், மேல்க் கனடாவில் 5 இலட்சத்துக்கும் குறைவு. ஆனால் இரண்டுக்கும் ஆளுக்கு 42 ஆசனங்கள். மேல்க் கனடாவின் பெருங்கடன் இருவர் தலையிலும். சட்டமன்றப் பதிவேடுகளுக்கு ஆங்கிலம் மட்டும். (பத்து வருடம் கழித்து ஆங்கிலம் பேசுவோர் பக்கம் சனத்தொகை கூடியதும், சமமான ஆசனம் அநியாயம் என்று முதலில் கூச்சல் போட்டவர்களும் அவர்களேதான். இலங்கையில் சிறுபான்மையினருக்குக் கேட்ட ஐம்பதுக்கு ஐம்பது என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை.)

இந்த ஒன்றியத்தை என்ன செய்வது என்பதுதான் பிரெஞ்சுக் கனடாவில் அன்றைய கேள்வி. பெரும்பாலானவர்களுக்கு மனதில் இருந்தது ஒரே பதில்: இரத்துச் செய். லஃபொன்தேனுக்கும் அதன்மேல் கோபம் இருந்தது. 1837 கிளர்ச்சிக்காலத்தில் பிரெஞ்சுக் கனடியத் தலைவர் பப்பினோவின் ஆளாக இருந்து, ஆயுதம் எடுக்காமல் ஒதுங்கி, 1838இல் குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் சிறையில் கிடந்தவர். ஆனால் 1840 ஓகஸ்டில் தன் தொகுதியான தெர்போன் வாக்காளர்களுக்கு அவர் எழுதிய அறிக்கையில் வேறு ஒரு வழியைச் சொன்னார். ஒன்றியம் அநீதிதான், ஆனால் அதற்குள்ளே போய், மேல்க் கனடாச் சீர்திருத்தக்காரர்களோடு சேர்ந்து, ஆளுநரின் கையிலிருந்து அதிகாரத்தைச் சட்டமன்றத்தின் கைக்கு மாற்றலாம். இதற்கு ஒரு வருடம் முன்பே ரொறன்ரோவிலிருந்து பிரான்சிஸ் ஹிங்க்ஸ் என்ற அயர்லாந்துப் பத்திரிகைக்காரர் அவருக்குக் கடிதம் எழுதத் தொடங்கியிருந்தார். கூட்டு என்பது அந்தக் கடிதங்களில்தான் முளைத்தது.

1841 மார்ச்சில் தேர்தல். ஆளுநர் சிடன்ஹாம் பிரபு தேர்தலைத் தானே நின்று நடத்துவதுபோல நடத்தினார். தெர்போன் தொகுதிக்கு வாக்களிப்பு நிலையம் ஒன்றே ஒன்று. அதைத் தொகுதியின் ஒரு கோடியில், ஆங்கிலம் பேசுவோர் குடியேறியிருந்த நியூ கிளாஸ்கோவில் வைத்தார்கள். லஃபொன்தேன் தன் ஆதரவாளர்களோடு பனியில் நடந்து அங்கே போனபோது, தடிகளோடு ஆட்கள் இடத்தைப் பிடித்து நின்றார்கள். அவருடன் வந்தவர்களிடமும் தடிகள் இருந்தன, மோதியிருக்கலாம். மோதினால் சாவு விழும், விழுந்த சாவைக் காட்டி ஆளுநர் இன்னும் இறுக்குவார். அவர் தன் ஆட்களைத் திரும்பிப் போகச் சொன்னார். தன் சொந்த மண்ணில், தன் சனம் பெரும்பான்மையாக இருந்த தொகுதியில், ஆசனம் போனது.

வாயால் சொன்ன வாக்கு

எனக்கு இந்தக் கதை முழுவதும் நிற்பது அடுத்த ஆறு மாதத்தில்தான். மேல்க் கனடாச் சீர்திருத்தக்காரர்களின் தலைவர் ரொபர்ட் போல்ட்வின் அதே தேர்தலில் இரண்டு இடங்களில் வென்றிருந்தார், ஹேஸ்ரிங்ஸிலும் யோர்க் நாலாம் தொகுதியிலும். ஹேஸ்ரிங்ஸை வைத்துக்கொண்டு, காலியான யோர்க் நாலாம் தொகுதியை லஃபொன்தேனுக்குத் தரலாம் என்று முன்வந்தார். போல்ட்வின் ரொறன்ரோவின் பெரிய குடும்பத்து வக்கீல், விறைப்பான மனிதர், பிரெஞ்சு பேச வராது. மனைவி இறந்த துக்கத்தைக் கடைசிவரை சுமந்தவர். தன் சவப்பெட்டியை அவளுடைய பெட்டியோடு சங்கிலியால் பிணைத்துப் புதைக்கச் சொல்லி எழுதிவைத்தார் என்றால் பாருங்கள். கவர்ச்சி என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் சொன்ன சொல்லை ஒரு கடன் போலப் பார்க்கிற ஆள்.

சரி, தலைவர்கள் தங்களுக்குள் கடிதம் எழுதி ஆசனத்தை மாற்றிக்கொள்ளலாம். வாக்குப் போடுகிறவன் என்ன நினைப்பான்? இந்தக் கேள்வியோடுதான் நான் ஷரனுக்குப் போனேன். நியூமார்க்கெற்றுக்குச் சற்று வடக்கே, லெஸ்லி வீதியில், பிரதான சாலையிலிருந்து பார்த்தாலே தெரியும்: மூன்று அடுக்காக, மேலே போகப்போகச் சிறுத்து எழும் ஒரு வெள்ளை மரக்கட்டடம். இது 1825க்கும் 1832க்கும் இடையில் கட்டப்பட்டது. நாலு பக்கமும் ஒரே மாதிரி, ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் கதவு. எந்தத் திசையிலிருந்து வந்தாலும் ஒரே தரத்தில் உள்ளே வரவேண்டும் என்பதற்காக. உள்ளே பன்னிரண்டு தூண்களில் அப்போஸ்தலர்களின் பெயர்கள், நடுவே நாலு தூண்களில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு, தருமம். ஏழைகளுக்கான காசை மாதம் ஒருமுறை இங்கேதான் சேர்த்தார்கள். போரை மறுக்கும் கிறிஸ்தவப் பிரிவான குவேக்கர்களிடமிருந்து பிரிந்து வந்த ‘சமாதானத்தின் பிள்ளைகள்’ என்ற சிறு கூட்டம் அது. டேவிட் வில்சன் அவர்களின் தலைவர். அன்று அந்த ஊரின் பெயர் ஹோப்.

அந்த மரத்தரையில் நின்றால் ஒரு விஷயம் விளங்கும். வாக்குப் போட்டவர்கள் தாராள மனதுக்காரர்களாக இருந்திருக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பி அவர்கள் லஃபொன்தேனுக்குப் போடவில்லை. 1837இல் யங் வீதியால் ரொறன்ரோவை நோக்கி நடந்த கிளர்ச்சிக்காரர்களில் இந்தப் பக்கத்துச் சனமும் உண்டு. அருகிலிருந்த ஹோலன்ட் லான்டிங்கின் கொல்லரும் முன்னாள் உறுப்பினருமான சாமுவேல் லௌன்ட் 1838 ஏப்ரலில் ரொறன்ரோவில் தூக்கிலிடப்பட்டார். ஆளுநரைச் சுற்றியிருந்த சிறு கும்பல் காணியையும் பதவியையும் தங்களுக்குள் பிரித்துக்கொள்வதைப் பார்த்துச் சலித்தவர்கள் இவர்கள். கீழ்க் கனடாவில் அதே அடியை வாங்கிய ஒருவர் வாக்குக் கேட்டபோது, அவருடைய பூசை லத்தீனில் நடப்பது இவர்களுக்குப் பெரிய தடையாகத் தெரியவில்லை. வில்சன் அவருக்காக வெளிப்படையாக நின்றார்.

அன்று இரகசிய வாக்கு இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அது மத்திய தேர்தலுக்கு 1874இல்தான் வந்தது. மேடைக்கு முன்னால் போய், ஊரே கேட்க, யாருக்கு வாக்கு என்று வாயால் சொல்லவேண்டும். கடைக்காரர் கேட்பார், கடன் தந்தவர் கேட்பார், எதிர்க்கட்சித் தடியர்களும் கேட்பார்கள். அந்த நிலையில் ஒரு புரட்டஸ்தாந்து விவசாயி, நாக்கில் சரியாகப் புரளாத ஒரு பிரெஞ்சுப் பெயரை உரக்கச் சொல்லவேண்டும். செப்டெம்பரில் போதுமான அளவு பேர் சொன்னார்கள். லஃபொன்தேன் வென்றார். சிடன்ஹாம் குதிரையிலிருந்து விழுந்த காயத்தில் அதே மாதம் 19ஆம் திகதி அன்றைய தலைநகரான கிங்ஸ்ரனில் இறந்துபோனார். தெர்போனில் தான் துரத்திய ஆள் யோர்க் வழியாக உள்ளே வந்ததைப் பார்க்க அவர் இருக்கவில்லை.

யாருக்காகப் பேசினார்?

ஒரு வருடம் கழித்து, 1842 செப்டெம்பர் 13ஆம் திகதி, யோர்க் விவசாயிகளின் உறுப்பினர் கிங்ஸ்ரனில் எழுந்து நின்றார். சட்டமன்றம் அப்போது அரசு வாடகைக்கு எடுத்திருந்த ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் கூடியது. அவர் பிரெஞ்சில் தொடங்கினார். ஆங்கிலத்தில் பேசும்படி எதிரே இருந்து ஒரு குரல். பிரெஞ்சுக் கனடியருடைய தாய்மொழியில் தன் முதல் பேச்சைப் பேசக்கூடாதா என்று கேட்டார் லஃபொன்தேன். ஆங்கிலம் தனக்குப் பிரெஞ்சைப் போலவே வந்தாலும், ஒன்றியச் சட்டத்தின் அநீதிக்கு எதிர்ப்பாகவேனும் இதைப் பிரெஞ்சில்தான் பேசுவேன் என்றார்.

கியூபெக்கில் இந்தப் பேச்சு மொழிப்பற்றின் அடையாளம். எனக்கு அதில் உறைப்பது வேறு. அந்த ஆசனம் அவருக்கு ஆங்கிலம் பேசுவோர் கொடுத்தது. கொடுத்தவர்களுக்கு நன்றியாக அவர் தன் சனத்தின் வழக்கை அடக்கி வாசிக்கவில்லை. அடுத்த மாதம், அமைச்சரானதால் மறுபடி மக்களிடம் போகவேண்டி வந்தபோது, அதே யோர்க் அவரை மறுபடி அனுப்பியது. பிரெஞ்சில் பேசினாரே என்று அவர்கள் கணக்குக் கேட்கவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது ஆளுநரின் கும்பலை இறக்குகிற பிரெஞ்சு உறுப்பினர்களின் பலம். அது அவரிடம் இருந்தது.

எதிர்ப்பக்கக் கணக்கு சீக்கிரமே தீர்க்கப்பட்டது. அமைச்சரான போல்ட்வினை ஹேஸ்ரிங்ஸில் அடிதடியால் தோற்கடித்தார்கள். யோர்க்கின் இன்னொரு தொகுதியிலும் தோற்றார். 1843 ஜனவரியில், சென் லோரன்ஸ் ஆற்றின் தூரக் கரையில் இருக்கும் ரிமூஸ்கி, பிரெஞ்சு தெரியாத அந்தப் புரட்டஸ்தாந்து வக்கீலைத் தெரிவுசெய்தது. அங்கே இருந்த உறுப்பினர் அவருக்காக விலகினார். போல்ட்வின் தன் பிள்ளைகளைப் பிரெஞ்சு படிக்கக் கியூபெக் நகரத்துக்கு அனுப்பினார். இன்று நம் வீடுகளில் பிள்ளையைப் பிரெஞ்சு இமேர்ஷனில் போட வரிசையில் நிற்பது நல்ல வேலைக்காக. அவருக்கு அது பட்ட கடன்.

யாழ்ப்பாணத்தில் மாற்றுச் சம்பந்தம் என்று ஒன்று உண்டு. இந்த வீட்டுப் பெண் அந்த வீட்டுக்கும், அந்த வீட்டுப் பெண் இந்த வீட்டுக்கும். மருமகளைக் கடுமையாகப் பேசமுன் மாமியார் ஒருமுறை யோசிப்பார், தன் மகள் அங்கே இருக்கிறாள் அல்லவா. லஃபொன்தேனும் போல்ட்வினும் செய்தது இதைத்தான். ஒற்றுமை, சகோதரத்துவம் என்று பேசிய தலைவர்கள் இந்த நாட்டில் நிறையப்பேர். தன் ஆசனத்தையே மற்றவன் சனத்தின் கையில் கொடுத்தவர்கள் இவர்கள் இருவரும்தான். 1957இல் பண்டாரநாயக்கா செல்வநாயகத்தோடு கையெழுத்திட்ட ஒப்பந்தம் 1958 ஏப்ரலில் ஏன் அவ்வளவு சுலபமாகக் கிழிந்தது என்று யோசித்தால், தன் தொகுதியான அத்தனகல்லவில் வெல்லப் பண்டாரநாயக்காவுக்கு ஒரு தமிழ் வாக்குக்கூடத் தேவைப்படவில்லை என்பதும் ஒரு காரணமாகத்தான் படுகிறது.

தனியே வந்தால் தருகிறோம்

உண்மையான சோதனை வென்றபோது வரவில்லை. 1843 நவம்பரில், நியமனங்களை யார் செய்வது என்ற தகராறில், ஆளுநர் மெட்காஃபோடு மோதி அமைச்சரவை பதவி விலகியது. (இந்த மெட்காஃப் அதற்கு முன் இந்தியாவில் தற்காலிகக் கவர்னர் ஜெனரலாக இருந்தவர். அங்கே பத்திரிகைச் சுதந்திரம் கொடுத்த தாராளவாதி, இங்கே ஒரு நியமனத்தைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை.) நாலு வருடத்துக்கு மேல் எதிர்க்கட்சி வாழ்க்கை. 1844இல் லஃபொன்தேன் தெர்போனுக்கே திரும்பி வென்றார். யோர்க் நாலாம் தொகுதி போல்ட்வினுக்குப் போனது.

1845இல் ஆளும் தரப்பின் தலைவர் டிரேப்பர், கியூபெக் நகரத்தின் கரோன் மூலமாக ஒரு தூது விட்டார். ஒவ்வொரு பகுதியையும் அந்தப் பகுதியின் பெரும்பான்மை ஆளட்டும். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளட்டும், போல்ட்வினை விட்டுவிட்டு வரட்டும். யோசித்துப் பாருங்கள், இது எவ்வளவு இனிப்பான அழைப்பு. எங்கள் சனத்தை நாங்கள் ஆளலாம், பதவிகள் வரும், மொழி வரும். விஜேயும் பப்பினோவின் தம்பியும் ஏற்கனவே அந்தப் பக்கம் போயிருந்தார்கள். லஃபொன்தேனின் கூட்டத்துக்குள்ளேயே பலருக்கு நாக்கில் எச்சில். அவர் மறுத்தார். மேல்க் கனடாவில் பெரும்பான்மை இல்லாத ஒரு கட்சிக்கு நாம் முட்டுக்கொடுத்தால், அவர்கள் நம்மைப் பயன்படுத்திவிட்டுப் போவார்கள் என்பது அவருடைய கணக்கு.

தலைமை என்றால் என்ன என்று என்னிடம் யாராவது கேட்டால் நான் கிங்ஸ்ரன் பேச்சைக் காட்டமாட்டேன், இந்த மறுப்பைத்தான் காட்டுவேன். தன் சனத்துக்காகக் கத்துவது கஷ்டமில்லை. தன் சனத்துக்குத் தட்டில் வைத்து நீட்டப்பட்டதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதே சனத்தின் முகத்தைப் பார்ப்பதுதான் கஷ்டம். “குடுக்கிறதை வாங்கியிருக்கலாமே” என்று அன்றும் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்!

1848இல் இருவரும் சேர்ந்து வென்றார்கள், ஆட்சி வந்தது. மொழித்தடை அதே வருடம் லண்டனில் நீக்கப்பட்டது. 1849 ஜனவரியில் ஆளுநர் எல்ஜின் பிரபு அரியணை உரையை இரண்டு மொழிகளிலும் வாசித்தார். ஏப்ரல் 25ஆம் திகதி, கிளர்ச்சியில் சொத்திழந்த கீழ்க் கனடாக்காரருக்கு இழப்பீடு கொடுக்கும் சட்டத்தில் அவர் கையெழுத்திட்டார். மொன்றியலின் ஆங்கிலக் கூட்டம் அவர் வண்டிக்கு முட்டை எறிந்தது. அன்றிரவு சென் ஆன் சந்தைக் கட்டடத்தில் இருந்த நாடாளுமன்றத்தையே கொளுத்தியது. நூலகம் சாம்பலானது. யாழ்ப்பாணத்துக்காரன் ஒருவனுக்கு இந்த வரியைச் சாதாரணமாகத் தாண்டிப் போகமுடியாது. லஃபொன்தேனின் வீட்டைத் தாக்கி, தொழுவத்தை எரித்தார்கள். விசுவாசமான பிரித்தானியர் என்று மார்தட்டிய வணிகர்கள் அந்த ஒக்டோபரில் அமெரிக்காவோடு சேரலாம் என்று அறிக்கை விட்டார்கள். சட்டம் நின்றது, அரசு விழவில்லை. மேல்க் கனடா உறுப்பினர்கள், தங்கள் வாக்காளருக்கு ஒரு சதமும் தராத அந்தச் சட்டத்துக்காக, போல்ட்வினின் பின்னால் போதிய எண்ணிக்கையில் நின்றதால்தான்.

இவர்களைப் புனிதர்களாக்கவும் வேண்டாம். பெண்களுக்கு வாக்கில்லை என்று சட்டத்தில் பச்சையாக எழுதிவைத்தது இதே 1849 அரசு. லஃபொன்தேன் தலைக்கனம் பிடித்தவர் என்று பெயர். இருவரும் காசுள்ள வக்கீல்கள். நியமனங்களைத் தங்கள் ஆட்களுக்குக் கொடுப்பதில் கூச்சப்படவும் இல்லை.

1851இல் மேல்க் கனடா உறுப்பினரில் பெரும்பான்மை ஒரு விஷயத்தில் தனக்கெதிராக வாக்களித்ததும் போல்ட்வின் விலகினார். பிரெஞ்சு வாக்குகளால் தப்பிப் பிழைக்க அவருக்கு மனமில்லை. அந்த டிசெம்பரில் யோர்க் நாலாம் தொகுதியில் நின்று தோற்றார். பத்து வருடம் முன்பு ஒரு பிரெஞ்சுக்காரரை அனுப்பிய அதே சனம், உள்ளூர்ப் பிள்ளையான, இன்னும் தீவிரமான ஒருவரை எடுத்துக்கொண்டது. லஃபொன்தேனும் அரசியலை விட்டுப் போய், பிறகு தலைமை நீதியரசரானார். அதன்பின் வந்தவர்கள் ஆசனத்தை எண்ணினார்கள், அமைச்சரவைகள் விழுந்து விழுந்து எழும்பின, 1867இல் வேறு ஏற்பாடு வந்தது.

ஆசனம் கொடுக்கும் விளையாட்டு இன்னும் ஒருமுறை நடந்தது. 1872இல் கியூபெக்கின் பெரும் தலைவர் கார்த்தியே மொன்றியலில் தோற்றார். மானிற்றோபாவின் புரொவென்ஷே தொகுதியில் நிற்கவிருந்த பூர்வகுடியும் பிரெஞ்சும் கலந்த, பிரெஞ்சு பேசும் மெத்தி மக்களின் தலைவர் லூயி ரியேல், 1869-70 எழுச்சிக்குப் பொதுமன்னிப்புக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அவருக்காக விலகினார். கார்த்தியே போட்டியில்லாமல் தெரிவானார், அந்தத் தொகுதியை ஒருநாளும் கண்ணால் பார்க்கவில்லை, 1873 மேயில் லண்டனில் இறந்தார். ஒட்டாவாவிலிருந்து ரியேலுக்கு எதிராசனம் எதுவும் வந்திருக்கவில்லை; பிரதமர் மெக்டோனல்டின் அரசு நிலைக்க மெத்தி வாக்கு தேவைப்படவும் இல்லை. புரொவென்ஷே மக்கள் அதன்பிறகு ரியேலையே மூன்று தடவை தெரிவுசெய்தார்கள். ஒரு தடவையும் அவரால் அவையில் உட்காரமுடியவில்லை. 1885 நவம்பரில், இன்னொரு எழுச்சிக்குப் பிறகு, அவரைத் தூக்கிலிட்டபோது மெக்டோனல்டின் அமைச்சரவையில் மூன்று பிரெஞ்சுக் கனடியர்கள் இருந்தார்கள். கியூபெக்கே கொதித்தது. மூவரில் ஒருவரும் பதவி விலகவில்லை.